பொட்டு இருந்த இடம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். சித்தூரில் எங்கள் வீட்டு பீரோ கண்ணாடியில் நான் முதலில் பார்த்தது என் மனைவியின் நெற்றியில் இருந்த ஒரு வெள்ளை வட்டம். முகம் கழுவிவிட்டு வந்து துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாம் மெரூன், எல்லாம் வட்டம். இடமிருந்து வலமாகப் போகப் போகப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. முதல் பொட்டு மிளகு அளவு. கடைசிப் பொட்டு ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சின்னது. நெற்றியில் இருந்த வட்டம் அந்தக் கடைசிப் பொட்டுக்குள் சரியாக அடங்கும்.

நான் திருப்பதியில் ஒரு தெலுங்கு தினசரியில் துணை ஆசிரியர். வாரம் முழுவதும் அங்கே ஒரு அறையில் தங்குகிறேன், விடுமுறைக்கு சித்தூர் வருகிறேன். வீட்டில் தமிழ், வேலையில் தெலுங்கு. மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மனைவியின் பொட்டு மிளகிலிருந்து நாணயம் வரை வளர்ந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஃபேஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

"எவ்ளோ நாளா கீது இது?"

"தீபாவளிக்கு முன்னாலேர்ந்து."

"சொல்லவே இல்லியே."

"மூஞ்சியப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க வூட்டுக்கு வந்தாலும் பேப்பரத்தான் பாத்துக்கினு கீறீங்க."

கடைசிப் பொட்டைக் கண்ணாடியிலிருந்து உரித்து நெற்றியில் ஒட்டி ஒரு விரலால் அழுத்தினாள். வட்டம் மறைந்தது. அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

எல்லாம் அவளாகவே செய்து பார்த்துவிட்டிருந்தாள். மீனும் தயிரும் சேர்த்துத் தின்பதை நிறுத்தியிருந்தாள். நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கி எண்ணெய் காய்ச்சித் தடவி, நெற்றி கொப்பளித்து, அதற்கும் மேலேயே பொட்டு ஒட்டியிருந்தாள். காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தாள். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார் என்பது அவள் பயம். அந்தப் பெயர் எங்கள் இரண்டு மொழியிலும் நல்ல பெயர் இல்லை. தமிழில் சொன்னால் குஷ்டம் என்ற சொல் கூடவே வந்துவிடும், நோய் வேறு என்றாலும். தெலுங்கில் பொல்லி என்பார்கள். அதைச் சொல்லும்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. எங்கள் பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கத்தில் தெல்ல மச்சலு, வெள்ளைப் புள்ளிகள், என்றுதான் போடுவோம். அந்தப் பக்கத்தைப் பல வருடம் நான் திருத்தியிருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் கடைசி வரி ஒன்றுதான், தகுந்த மருத்துவரை அணுகவும். அதையே அவளிடம் சொன்னேன்.

"கல்யாணம் முடியட்டும்" என்றாள்.

கல்யாணம் அவள் தம்பிக்கு. ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. முப்பத்தைந்து வயது தாண்டி, ஜாதகங்கள் வந்து வந்து போய், கடைசியில் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் பெண் அமைந்தது. நாராயணவனத்தில் மண்டபம் பிடித்தாயிற்று. தம்பிக்கு இருப்பது ஒரே அக்கா. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ பின்னால் நின்று போடுவாள். நாத்தனார் முடிச்சு. அதைப் போடுகிறவள் சுமங்கலியாக இருக்க வேண்டும். உடம்பில் குறை இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

தம்பி பிறந்தபோது அவளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து அந்த இரண்டு முடிச்சுக்காகக் காத்திருக்கிறாள். இந்த வட்டத்தைப் பெண் வீட்டார் பார்த்தால் முதலில் கேட்பது, இது உங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு இருக்கிறது என்பதாகத்தான் இருக்கும். முடிச்சு போவது ஒரு பக்கம், கல்யாணமே நின்றுபோகும்.

"அதுக்குத்தான் பெரிய பொட்டு" என்றாள்.

"வட்டம் பெருசாவுதே."

"பொட்டும் பெருசா விக்கிறாங்க."

அந்த வாதத்தில் தப்பு இல்லை. ஆனால் வட்டம் வளரும் வேகத்தில் கல்யாணத்தன்று அப்பளம் அளவுக்குப் பொட்டு வேண்டியிருக்கும் என்றேன். சிரிக்கவில்லை. அடுத்த வாரம் திருப்பதிக்கு வந்தாள்.

சித்தூரில் தோல் டாக்டர் இல்லாமல் இல்லை. அங்கே காத்திருக்கும் பெஞ்சில் பாதிப் பேர் எங்களுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள், அதனால்தான் திருப்பதி. இங்கே பெஞ்சில் இருந்தவர்களுக்கு எங்களைப் பார்க்க நேரமில்லை. திருப்பதி தோல் டாக்டர்களுக்கு வேறு ஊரில் இல்லாத ஒரு வாடிக்கை உண்டு, மலையில் மொட்டை போட்டுக்கொண்டவர்கள். பல வருடம் வெயில் படாத தலைத்தோல் ஒரே மதியத்தில் மொத்த வெயிலையும் வாங்கிக்கொள்கிறது. அன்று ஒரு குடும்பமே, தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை, சந்தனம் காய்ந்து உதிரும் தலைகளோடு உட்கார்ந்திருந்தது. எல்லார் நெற்றியிலும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரு நிறம், மேலே வேறு நிறம். இவர்கள் என்ன நிறம் என்று யாராவது கேட்டால் எந்தப் பாதியைக் காட்டுவார்கள் என்று யோசித்தேன். பெண் பார்க்கும் விளம்பரங்களில் நல்ல நிறம் என்று போடச் சொல்லிப் பணம் கட்டுகிறவர்களும் எந்த இடத்து நிறம் என்று சொல்வதில்லை.

டாக்டர் அவள் நெற்றிப் பொட்டை அவளையே எடுக்கச் சொன்னார். அறை விளக்கை அணைத்து ஒரு ஊதா விளக்கைக் காட்டினார். வட்டம் சுண்ணாம்பு தடவியதுபோல் பளிச்சென்று தெரிந்தது. ஓரம் காம்பஸ் வைத்து வரைந்தது மாதிரி இருந்தது. விளக்கைப் போட்டுவிட்டு, எடுத்த பொட்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.

"இதை எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள்?" தெலுங்கில்தான் கேட்டார்.

"எப்பவும்."

"தூங்கும்போது?"

இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்பதுபோல் என் பக்கம் திரும்பினாள். "அவர் நல்லாத்தானே இருக்கிறார்" என்றாள் டாக்டரிடம்.

டாக்டர் சொன்னது இதுதான். தோலுக்கு நிறம் தருவதற்கென்று தனியாக செல்கள் இருக்கின்றன. சில ஸ்டிக்கர்களின் கோந்தில் இருக்கும் ஒரு ரசாயனம் அந்த செல்களைக் கொன்றுவிடும். எல்லாருக்கும் இல்லை, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. ரப்பர் செருப்பின் வார் பட்ட இடத்தில், கைக்கடிகாரப் பட்டை பட்ட இடத்தில்கூட இப்படி வரும். ஒட்டாது, பரம்பரையும் இல்லை என்றுதான் இப்போதைக்குத் தெரிகிறது. பொட்டை விட்டால் நிறம் திரும்ப வரலாம். வராமலும் போகலாம். குறைந்தது மூன்று மாதம் அந்த இடத்தில் மருந்தைத் தவிர ஒன்றும் படக் கூடாது. குங்குமமும் வேண்டாம், அதில் என்ன கலக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வகிட்டில் வைத்தாலும் வேர்வையில் வழிந்து நெற்றிக்குத்தான் வரும். வெயிலில் போனால் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

"அடுத்த மாசக் கடைசியில் என் தம்பி கல்யாணம்" என்றாள்.

"தம்பிக்குத்தானே கல்யாணம்? உங்கள் நெற்றிக்கு என்ன?"

முடிச்சு விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடினார். அவர் தெலுங்குக்காரர், அவர்கள் பக்கத்தில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவான். ஆனால் மாப்பிள்ளையின் சகோதரிக்கு, ஆடபடுச்சு என்பார்கள், வேறு எவ்வளவோ அதிகாரம் உண்டு. அவருக்கும் அக்காக்கள் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது.

"ஆடபடுச்சா?" என்றார். அதுவரை இல்லாத கவலை அவர் முகத்தில் வந்தது. "அப்படியென்றால் கஷ்டம்தான்." ஆனால் மூன்று மாதத்தை அவர் குறைக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பஸ் ஏறும்போது, "பொட்டு வெச்சா வட்டம் பெருசாவும், வெக்காட்டி எல்லாருக்கும் தெரியும். இவருகிட்ட காட்டினதுக்கு இன்னா பிரயோஜனம்?" என்றாள். சித்தூர் போய்ச் சேருவதற்குள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

விபூதி. அது சாம்பல், கோந்து கிடையாது. வெள்ளையை மறைக்க வெள்ளை. மூன்று விரலால் பட்டையாக இழுத்துவிட்டால் உள்ளே வட்டம் இருப்பது யாருக்கும் தெரியாது. போனில் சொன்னபோது எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகவே பட்டது. டாக்டரிடம் கேட்டாயா என்றேன். "சாமி பிரசாதத்த வைக்கலாமான்னு டாக்டருகிட்ட கேக்கறதா?" என்றாள்.

நாங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்று இருந்தது. செய்தி எழுதுகிறவர்கள் செய்யும் அதே தப்பு. உள்ளே இருப்பதைப் பார்த்துப் பார்த்து, வெளியே இருந்து படிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்பதை மறந்துவிடுவது. குங்குமம் இல்லாத நெற்றி, அதில் விபூதி மட்டும், தலையில் இழுத்து மூடிய முந்தானை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

புதன்கிழமை போனில், "பூக்காரம்மா இன்னிக்கி என்னக் கூப்புடாமயே போய்ட்டாங்க" என்றாள். "வாசல்லதான் நிக்கறேன். குனிஞ்ச தலை நிமிராம போவறாங்க."

"பூ தீந்துபோயிருக்கும்."

"கூடை நெறைய கீதுங்க."

வியாழக்கிழமை எதிர் வீட்டம்மா ஒரு டிபன் கேரியர் நிறைய சாம்பார் சாதம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். என்ன விசேஷம் என்று இவள் கேட்டதற்கு, தைரியமா இரும்மா என்று கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சிங்க" என்றாள். "விபூதிக்கு உள்ள கீறதும் தெரியுதுபோல."

"சாம்பார் சாதம் எப்படி இருந்தது?"

"நல்லாத்தான் இருந்துச்சி." கொஞ்சம் நிறுத்தி, "தோல் வெளுத்ததுக்கு எதுக்குங்க சாதம்?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அதற்கான பதில் என் மேஜைக்கே வந்தது. சித்தூர் நிருபர் மாவட்டப் பக்கத்துக்கு அனுப்பியிருந்த செய்திகளில் மூன்றாவது அது. எங்கள் பத்திரிகையின் மூத்த துணை ஆசிரியர் காலமானார். கீழே என் பெயர். அமைதியானவர், எளிமையானவர், இதழியலுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு. இறந்த தேதி இல்லை, காரணம் இல்லை, இறுதிச் சடங்கு எங்கே என்பதும் இல்லை. செய்தியாக அது மோசமான செய்தி.

நிருபர் புதிதாகச் சேர்ந்தவர். அலுவலக போனிலிருந்து கூப்பிட்டேன்.

"இந்த காலமானார் செய்தி யார் சொன்னது?"

"தெருவே சொல்லுது சார். பூ விக்கற அம்மா கண்ணால பாத்திருக்காங்க."

"பிணத்தையா?"

"இல்ல சார், அவரு சம்சாரத்த. நெத்தியில பொட்டு இல்ல. விபூதி. தல மேல முந்தானை. கால்ல மெட்டி மட்டும் கீது, அது பதினாறாம் நாள்தான் எடுப்பாங்களாம். ஊர்ல காரியம் நடக்கல, திருப்பதியிலேயே முடிச்சிட்டாங்கபோல. பாவம் சார், நல்ல மனுஷனாம். நீங்க யாரு சார் பேசறது?"

"நான்தான் அது."

போனில் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"சார்" என்றார். "அப்போ போட வேணாமா சார்?"

வேண்டாம் என்றேன். வீட்டுக்குக் கூப்பிட்டு அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். விக்கி விக்கி ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

"அவங்க குடுத்த சாதத்த துன்னுட்டேனே" என்றாள்.

பிறகு சிரிப்பு நின்றது. "என் நெத்தி இன்னா உங்க லைஃப் சர்டிபிகேட்டா?"

ஓய்வூதியக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கிறார்கள். எனக்காக அதை அவள் நெற்றி தினமும் செய்துகொண்டிருந்திருக்கிறது. நான் வாரம் ஆறு நாள் வெளியூரில் இருந்தும் ஊரில் ஒருவரும் சந்தேகப்படாததற்கு அதுதான் காரணம்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். சனிக்கிழமை காலை ஸ்ரீ சிட்டியிலிருந்து மச்சான் கூப்பிட்டான். பின்னால் இயந்திரச் சத்தம்.

"மாமா, நீங்க கீறீங்களா?"

"கீறேன்."

"நகரிலேர்ந்து பொண்ணோட நைனா போன் பண்ணாரு. உங்க வூட்ல ஒரு துக்கம் நடந்துகீது, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியேன்றாரு. நான் நேத்துதான் அக்காகிட்ட பேசனேன், அது ஒண்ணும் சொல்லலியேன்னேன். அவங்க அதிர்ச்சில கீறாங்கன்றாரு."

"இப்ப சொல்லிட்டியா?"

"சொன்னேன் மாமா. நம்ப மாட்டேன்றாங்க. கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு நான் மறைக்கறன்னு நெனச்சிக்கினு கீறாங்க. பொண்ணோட பெரிய அத்த, முடிச்சி போடறதுக்கு உங்க ஒண்ணு விட்ட தங்கச்சி யாராவது கீறாங்களான்னு கேக்குது." இயந்திரச் சத்தம் குறைந்தது, நகர்ந்து வந்திருக்கிறான். "அக்காகிட்ட இத மட்டும் சொல்லாதீங்க மாமா."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று மதியமே விடுப்பு எடுத்துக்கொண்டு புத்தூர் வந்தேன், அவள் சித்தூரிலிருந்து அங்கே வந்தாள், இருவரும் நகரி பஸ் ஏறினோம். நான் உயிரோடு இருப்பதைக் காட்டுவது எளிது, போய் நின்றாலே போதும். அதற்கு அடுத்த கேள்விதான் சிக்கல். புருஷன் இருக்கிறான் என்றால் பொட்டு ஏன் இல்லை? நான் செத்துப்போயிருந்தால் வட்டத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"வேண்டுதல்னு சொல்லிடலாமா?" என்றேன்.

"பொய் சொல்லி முடிச்சி போட்டா, அப்பால ஏதாவது ஆனா என் முடிச்சத்தான் சொல்லுவாங்க." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கேட்டா காட்டிடறேன். வேணாம்னா வேற யாராவது போடட்டும்." வேற யாராவது என்பதைச் சொல்லும்போது தாலிச் சரட்டை ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்து வெளியே போட்டுக்கொண்டாள்.

நகரியில் பெண் வீட்டுத் தெரு முழுவதும் விசைத்தறிச் சத்தம். வாசலில் பெண்ணின் அப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை, உள்ளங்கையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். சூடாக இருந்ததில் திருப்தி.

"சும்மா யாரோ சொன்னாங்க சார். நாங்க நம்பல."

உள்ளே போய் உட்கார்ந்ததும் தறியை நிறுத்தச் சொன்னார். சத்தம் நின்ற பிறகுதான் அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. பெண்ணின் அம்மா காபி கொண்டுவந்தார். பெரிய அத்தை எதிரே நாற்காலியில். நெற்றியில் நல்ல பெரிய ஸ்டிக்கர் பொட்டு, என் மனைவியின் கடைசிப் பொட்டைவிட ஒரு சுற்றுப் பெரியது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"அவரு நல்லாத்தான் கீறாரு. அப்போ நீ ஏம்மா இப்படி கீற?"

அவள் முந்தானை நுனியால் விபூதியை அழுத்தித் துடைத்தாள். வட்டம் தெரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஊதா விளக்கு தேவைப்படவில்லை.

பெண்ணின் அம்மா காபித் தட்டோடு அப்படியே நின்றார்.

"எத்தினி பேருக்கு கீது உங்க வூட்ல?" பெரிய அத்தைதான்.

"யாருக்கும் இல்ல. எனக்குத்தான். திருப்பதில பெரிய டாக்டரு பாத்தாரு. பொட்டு கோந்துனால வந்ததாம். மூணு மாசம் எதுவும் வெக்கக் கூடாதுன்னுட்டாரு."

"கோந்துக்கு இப்படி ஆவுமா? நாங்க எல்லாம் வெச்சிக்கினு இல்லியா?"

"எல்லாருக்கும் ஆவாதாம். சில பேருக்கு உள்ளேயே வெளுத்துக்கினு போவும், மேல பொட்டு கீறதால தெரியாதாம்."

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். கையைத் திருப்பிக் காட்டினார். நகக்கண்களில் நீலம், விரல் இடுக்கில் ஏதோ ஒரு பச்சை. "நூலுக்குச் சாயம் போடற வூடு சார் இது. என் கல்யாணத்துல முழங்கை வரைக்கும் செவப்பு. தாலி கட்டும்போது இவங்க நைனா, என் மாமனாரு, கையில இன்னா வியாதின்னு கேட்டாரு. எங்க வூட்ல யாரு தோலும் சொந்த நெறத்துல இல்ல."

"நீ சும்மா இரு" என்றார் பெரிய அத்தை. "கையில பட்ட சாயமும் நெத்தில போன சாயமும் ஒண்ணா? நாளைக்கி ஜனங்க கேட்டா நான்தானே பதில் சொல்லணும்." என் மனைவியிடம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. "தப்பா நெனச்சிக்காத. முடிச்சி மட்டும் வேற யாராவது போடட்டும். மத்த எல்லாம் நீயே முன்ன நின்னு பண்ணு."

அவள் சரி என்று தலையசைத்தாள். பஸ்ஸிலேயே சொல்லியிருந்ததைத்தான் செய்தாள். காபி டம்ளரை எடுத்தாள், குடிக்கவில்லை.

இதற்குள் அறையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் பொட்டை நகத்தால் கிளப்பி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் நெற்றியை நீட்டினார். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள் பெண். பிறகு பெண் தன்னுடையதைக் கழற்றினாள். அதுவும் சுத்தம். வாசல்படியில் நின்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் கண்ணும் கடைசியில் பெரிய அத்தையின் நெற்றியில் வந்து நின்றது.

"இன்னா எல்லாரும் என்னியே பாக்கறீங்க?" என்றார். "எனக்கு இருவது வருஷமா இதே பொட்டுதான்." கையை நெற்றிக்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார். "முகம் கழுவிக்கினு வரேன். ஒரே புழுக்கமா கீது."

உள் அறைக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாங்கள் காபி குடித்தோம். பெண்ணின் அப்பா என்னிடம் திருப்பதியில் மழை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். சித்தூரில் உண்டா என்றார். அங்கேயும் இல்லை. கதவு திறக்க நேரமாயிற்று.

வெளியே வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. ஸ்டிக்கர் இல்லை. அது இருந்த இடத்தில், அதைவிடப் பெரிதாக, கெட்டியாகக் குங்குமம் அப்பியிருந்தது. மூக்கின் மேல் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. பெண் வாயைத் திறந்தாள், அவள் அம்மா அவள் முழங்கையைத் தொட்டார். மூடிக்கொண்டாள்.

பெரிய அத்தை என் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த டாக்டரு பரம்பரை இல்லன்னு நல்லாச் சொன்னாரா?"

"அப்படித்தான் சொன்னாரு அத்த."

"ஒட்டாதுன்னும் சொன்னாரா?"

"ஒட்டாதுன்னாரு."

"அப்போ நீயே போடும்மா முடிச்சி. ஒரே அக்கா. வேற யாரு போடுவா?" பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் தறி ஓடாத வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி, "எந்தக் கெழமையில பாப்பாரு அவரு?" என்றார்.

டாக்டரின் விலாசத்தைச் சொன்னேன். குங்குமமும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதை அந்த இடத்தில் நான் சொல்லவில்லை.

நாராயணவனத்தில் காலை முகூர்த்தம். எனக்கு மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலை. அதைக் கேட்டு வாங்கவில்லை, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். வருகிறவர்கள் அனைவரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். சித்தூரிலிருந்து எதிர் வீட்டம்மா வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பன்னீரை வாங்கிக்கொண்டு, "சாம்பார் சாதம் கொஞ்சம் காரமா இருந்துச்சின்னு சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை, நன்றாக இருந்ததாகத்தான் சொன்னாள் என்றேன். தூரத்து உறவுக் கிழவர் ஒருவர் என் தோளைத் தட்டி, "ரொம்ப சந்தோஷம்" என்றார். கல்யாணத்துக்கா எனக்கா என்று அவர் சொல்லவில்லை.

மேளம் வேகமெடுத்ததும் பன்னீர்ச் செம்பை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் அரக்கு நிறப் பட்டில் பெண்ணுக்குப் பின்னால் நின்றிருந்தாள். விபூதி வைக்கவில்லை. தலையில் முந்தானை இல்லை, நிறையப் பூ. நெற்றி வெறுமையாக இருந்தது, நடுவில் வட்டம். வீடியோக்காரரின் விளக்கு நேராக அதன்மேல் விழுந்தது. கூட்டத்தில் சிலர் குனிந்து பேசிக்கொண்டார்கள். மேடையின் ஓரத்தில் இருந்த பெரிய அத்தை அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவர் நெற்றியிலும் அன்று ஒன்றும் இல்லை. நாங்கள் நகரி போய் வந்த அடுத்த வியாழக்கிழமையே டாக்டரைப் பார்த்துவிட்டார்.

மச்சான் முதல் முடிச்சைப் போட்டான். அது தளர்வாக விழுந்தது. அவள் மற்ற இரண்டையும் போட்டாள். இழுத்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்னொரு தடவை இழுத்தாள். பெண் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, மெதுவா" என்றாள்.

ஆல்பம் ஒரு மாதம் கழித்து வந்தது. புத்தூர் போட்டோக்காரர் தன் தொழிலில் சுத்தமானவர். எல்லாரையும் இரண்டு மூன்று படி வெளுக்க வைத்திருந்தார். மச்சான் அடையாளம் தெரியாத அளவுக்குச் சிவப்பு. பெண்ணின் அப்பாவின் விரல்களில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. என் முகம் நான் பார்த்தறியாத ஒரு நிறத்தில் இருந்தது. அந்த வெளுப்பில் அவள் முகமும் நெற்றி வட்டமும் ஏறக்குறைய ஒரே நிறமாகியிருக்கும். ஆனால் வட்டம் இருந்ததா என்று பார்க்க முடியவில்லை.

முடிச்சு போடும் படத்திலும், சாப்பாட்டுப் பந்தியிலும், கண்ணை மூடித் தும்முகிற படத்திலும்கூட, யாரும் கேட்காமலே, அவள் நெற்றியில் கம்ப்யூட்டரில் பொட்டு வைத்திருந்தார். மெரூன் நிறம், வட்டம், எல்லாம் ஒரே அளவு.